நடையும் கலோரிக் கணக்கும்

செட்டிநாட்டுக் கடைகளிற் கணக்கெழுதிப் பழகியவர் கை எளிதில் தவறுவதில்லை. அன்றாட நிகழ்ச்சிகளைச் சிட்டையிற் குறித்து, சிட்டையிலிருந்து பேரேட்டிற்கு ஏற்றி, முடிவில் ஐந்தொகை கட்டிக் காசு பிசகாமல் இருப்பைக் காட்டுவது அவர்தம் மரபு. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் நடத்திய கடைகள் இம்மரபின்மேல் நின்றவையே. எம் பெரியப்பா நகரத்தார் அல்லரெனினும், காரைக்குடியில் அவர்தம் கடையொன்றில் முப்பது ஆண்டு கணக்கப்பிள்ளையாயிருந்து ஓய்வு பெற்றவர். அத்தகையவர் எழுதிய கணக்கிற் பிழை கண்டோம் என்று யாம் கூறின், எம்மை அறிந்தோர் நகைப்பர். கூட்டல் கழித்தலில் எமக்குள்ள திறம் அவர்கள் அறிந்ததே. ஆயினும் பிழை கண்டது உண்மை. அஃது அவர் ஒருவருக்கே உரியதுமன்று. நம் விடுதி மாணவர் பலர் கைப்பேசிகளிலும் அதே பிழை நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆதலின் அதனை ஈண்டு விரித்தெழுதத் துணிந்தோம்.

சென்ற ஆண்டு பெரியப்பாவுக்கு நீரிழிவு தொடங்கியிருப்பதாக மருத்துவர் கூறினார். அவர் எடை 80 கிலோகிராம். அதில் ஐந்தாறு கிலோவேனும் குறைய வேண்டுமென்றும், நாள்தோறும் நடக்க வேண்டுமென்றும் கட்டளை பிறந்தது. சிங்கப்பூரிலிருக்கும் மகன், நடந்த தொலைவையும் செலவான கலோரியையும் காட்டும் கைக்கடிகாரமொன்றை வாங்கி அனுப்பினார். பெரியப்பா உடனே நீண்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கோடு கிழித்தார். உண்பது வரவு, உழைப்பது செலவு, உடலிலுள்ள கொழுப்பு இருப்பு. கடையில் வரவு மிகுந்தால் மகிழ்ச்சி. இங்கோ செலவு மிகுந்தால்தான் மகிழ்ச்சி. இந்தத் தலைகீழ்க் கணக்கு அவருக்குப் பழகவே ஒரு வாரம் ஆயிற்றாம். நாளொன்றுக்குச் செலவைவிட வரவு 300 கலோரி குறைந்திருக்க வேண்டுமென்பது அவர் திட்டம். மூன்று மாதம் ஒரு நாளும் தவறாமல் கோவிலூர்ச் சாலையில் நடந்தார். ஒரு நாளும் தவறாமல் எழுதினார். மூன்று மாத முடிவில் தராசு காட்டியது அதே 80.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் சென்றபோது அவர் நோட்டை எம்முன் வைத்து, "தம்பி, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, உடம்புதான் பொய் சொல்லுகிறது. வயதான உடம்பு இனிக் கேட்காது போலும். நாளை முதல் நடப்பதாக இல்லை" என்றார். அவர் குரலிற் கேட்டது சோம்பலன்று, தோல்வி. நீரிழிவுடைய ஒருவர் நடையைக் கைவிட்டால் விளையும் கேட்டை எண்ணியே யாம் அந்நோட்டைத் தணிக்கை செய்யப் புகுந்தோம்.

முதற்கண், கலோரி என்பது யாது? ஒரு கிலோகிராம் நீரின் வெப்பத்தை ஒரு பாகை உயர்த்தத் தேவையான வெப்ப அளவே உணவு நூலார் கூறும் கலோரி. காரைக்குடியில் 1953ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மின்கலத்தை ஆய்வோர், அதனுள் ஏறும் மின்னையும் இறங்கும் மின்னையும் கம்பி வழியே அளந்துவிடலாம். மனிதனுக்குக் கம்பி ஏது? ஆகலின் அறிஞர் வேறு வழி தேடினர். 1890களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆட்வாட்டர் என்பார் ஒரு சிறு அறையையே வெப்பமானியாக அமைத்து, அதனுள் ஓராளை நாட்கணக்கில் இருத்தி, அவன் உண்டதையும் உடலினின்று வெளிப்பட்ட வெப்பத்தையும் அளந்தார். மாவுப்பொருளுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றும் வழங்கும் கணக்கு அவர் ஆய்வின் வழிவந்ததே. பின்னர் மூச்சை அளக்கும் முறை எளிதாயிற்று. உடலில் உணவு எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். ஒரு லிட்டர் பிராணவாயு செலவானால் ஏறத்தாழ 5 கலோரி செலவாயிற்று என்று கொள்ளலாம். டக்ளஸ் என்பார் 1911இல் அமைத்த பையினுள் மூச்சை விட்டுக்கொண்டே நடந்தால், நடைக்கு ஆகும் செலவு தெரிந்துவிடும்.

கைக்கடிகாரம் இவற்றுள் எதனையும் செய்வதில்லை. கை வீசுவதை எண்ணுகிறது. நாடித் துடிப்பைப் பார்க்கிறது. நாம் எழுதிக் கொடுத்த வயதையும் எடையையும் சேர்த்து ஓர் ஊகம் கூறுகிறது. 2017ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு வகைக் கைக்கருவிகளை 60 பேருக்கு அணிவித்து ஆராய்ந்தனர். நாடியை அவற்றுள் ஆறு நன்றாகவே அளந்தன. கலோரியிலோ மிகச் சிறந்த கருவியும் சராசரியில் நூற்றுக்கு 27 பங்கு பிசகிற்று. மிகத் தாழ்ந்தது 93 பங்கு பிசகிற்று. கருவியைப் பழித்துப் பயனில்லை. வெயிலிலும் அச்சத்திலும் காப்பி குடித்த பின்னும் நாடி விரைகிறது. சித்திரை மாதத்துக் காரைக்குடி வெயிலில் சும்மா நின்றாலே நாடி விரையுமே! அதனைக் கடிகாரம் உழைப்பென்று எழுதிக்கொள்கிறது. வியர்வையைக் கண்டு கொழுப்புருகிற்று என்று மகிழ்வோருக்கும் ஒரு சொல்: வியர்வை நீர், இரண்டு செம்பு தண்ணீர் குடித்தால் அவ்வெடை திரும்பிவிடும்.

நிற்க. பெரியப்பாவின் நோட்டுக்கு வருவோம். 5 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், செலவு 410 என்று கடிகாரம் சொல்லியபடி ஒரு நாள் எழுதியிருந்தார். இதனை எவ்வாறு சரிபார்ப்பது? ஒவ்வொரு செயலும் சும்மா இருக்கும் நிலையைப்போல் எத்தனை மடங்கு செலவு கொள்ளும் என்பதற்கு அட்டவணை உண்டு. அமெரிக்க அறிஞர் 1993இல் தொகுத்து, அதன்பின் பலமுறை திருத்தியது. சும்மா இருத்தலை, கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கலோரி என்று அது வைக்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் நடை அதன் மூன்றரை மடங்கு. ஆகவே 80 கிலோ மனிதருக்கு ஒரு மணி நடைக்கு 280. கடிகாரம் கூறிய 410 இங்கேயே 280 ஆகச் சுருங்கிற்று.

இனித்தான் கணக்கப்பிள்ளைகள் செவி கொடுத்துக் கேட்க வேண்டிய இடம் வருகிறது. அந்த 280இல் அவர் நடவாமல் திண்ணையில் அமர்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய 80 அடங்கியிருக்கிறது. இருதயம் துடிப்பதற்கும் மூச்சு விடுவதற்கும் உடற்சூடு காப்பதற்கும் ஆகும் அச்செலவு, 24 மணி நேரத்துக்குமாக அவருடைய நாட்செலவில் முன்னரே எழுதப்பட்டது. அதனை நடைச் செலவிலும் எழுதினால், ஒரே பற்றை இரண்டு ஏட்டில் எழுதியதாகும். ஆகவே நடையினால் கூடுதலாக விளைந்த செலவு 200 மட்டுமே. நடைக்கு நினைவில் வைக்கத்தக்க எளிய வாய்பாடு ஒன்று இதனின்று கிடைக்கிறது: எடையைக் கிலோமீட்டரால் பெருக்கிப் பாதியாக்குக. 80 பெருக்கல் 5, அதில் பாதி, 200. ஓட்டத்துக்குப் பாதியாக்க வேண்டுவதில்லை. பெருக்கி வந்ததையே ஏறத்தாழக் கொள்ளலாம். இது சமநிலத்துக்கு உரியது. குன்றக்குடி மலையேறுவோர்க்கு அன்று.

இதனை யாம் எடுத்துச் சொன்னவுடன் பெரியப்பா முகம் மாறிற்று. "இரட்டைப் பற்றா?" என்றார். கடையில் அத்தகைய பிழை செய்தவனை அவர் மன்னித்ததில்லை.

அதே இரட்டைப் பற்று மற்றோரிடத்திலும் ஒளிந்திருந்தது. கைப்பேசியிற் கணக்கைத் தொடங்குகையில், 'நீர் எத்தகைய உழைப்பாளி?' என்று அது வினவுமன்றோ? நாள்தோறும் நடப்பவராகையால் 'நடுத்தர உழைப்பு' என்பதைத் தொட்டிருந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தாரும் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகளில், 65 கிலோ எடையுள்ள ஆடவர், அமர்ந்து தொழில் செய்பவராயின் நாளொன்றுக்கு 2110 கலோரியும், நடுத்தர உழைப்பினராயின் 2710 கலோரியும் தேவை என்றுள்ளது. இடையே உள்ள 600 எதற்கு? உழைப்பிற்கே. நடையை எண்ணி உயர்ந்த அளவைத் தேர்ந்துவிட்டு, அதே நடைக்காக நாள்தோறும் தனிச் செலவும் எழுதினால், அது மீண்டும் இரட்டிப்பு. அமர்ந்து தொழில் செய்வோர் அளவைக் கொண்டு நடையைத் தனியே எழுதலாம். அன்றி, நடுத்தர அளவைக் கொண்டு நடையை எழுதாதே விடலாம். இரண்டும் செய்தலாகாது. (மேற்கூறிய நிறுவனம் 1918இல் நம் நீலகிரிக் குன்னூரிலே மக்காரிசன் என்பார் தொடங்கிய சிறு ஆய்வறையாகப் பிறந்து, 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது என்பதையும் இடையே சொல்லி வைக்கிறோம்.)

சும்மா இருத்தலுக்குக் கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி என்றோமே, அந்த அளவுகோல்தான் நமக்குப் பொருந்துமா? இவ்வினாவை நம்மனோர்க்காக முதலில் எழுப்பியவருள் ஒருவர், நம் கல்லூரிக்கு உறவுடையதென்று சொல்லத்தக்க மற்றொரு மிஷன் கல்லூரியில் ஆசிரியையாயிருந்தவர் என்பதை அறிந்து யாம் மகிழ்ந்தோம். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியின் எலினார் மேசன் என்பவரே அவர். பாஸ்டன் நகர ஊட்டச்சத்து ஆய்வகத்துப் பெனடிக்ட் என்பாருடன் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்கள் அசையாது கிடக்கும்போது உடல் கொள்ளும் செலவை அளந்து, 1931ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். அமெரிக்கப் பெண்களைக் கொண்டு வகுத்த அளவைவிட நம் பெண்களின் செலவு தெளிவாகக் குறைந்திருந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்க உடல்களை அளந்து ஹாரிஸ் என்பாருடன் 1919இல் புகழ்பெற்ற வாய்பாட்டை வெளியிட்டவர் இதே பெனடிக்ட்தான். அவர் வாய்பாடு இன்றும் உலகெங்கும் கணக்கிடப் பயன்படுகிறது; அது தென்னிந்தியர்க்கு மிகை என்று அவரே கையொப்பமிட்ட செய்தியைப் படித்தவர் சிலரே. மேலைநாட்டாருக்கும் அவ்வளவு மிகையெனவே, பல நூறு பேரை அளந்த 2005ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டிற்று. அவர்களுக்குச் சராசரி 0.84 கலோரியே ஆயிற்று. அடிக்கல் பெரிதாயின், அதன்மேல் மடங்கு மடங்காக எழுப்பும் கட்டடமும் பெரிதாய்த் தோன்ற இடமுண்டன்றோ?

இனி வரவுப் பக்கம். நடந்து வந்த உரிமையில் பெரியப்பா காலையில் வெள்ளைப் பணியாரம் இரண்டும் காப்பியும் கொள்வது வழக்கம். நோட்டில், 'பணியாரம் 2, கலோரி 100' என்றிருந்தது. காப்பியைக் காணவில்லை, 'அது குடிப்பதுதானே' என்றார். பணியாரத்துக்குக் கைப்பேசி கூறியது குழியிலிட்டுச் சுடும் சிறு பணியாரத்தின் அளவென ஊகித்தோம். செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரமோ எண்ணெயில் மிதந்து பொரிவது. பெரியம்மாவின் இசைவு பெற்று, அரிசியும் உளுந்தும் அரைக்குமுன் நிறுத்தோம். பொரிக்குமுன் எண்ணெயைச் சட்டியோடு நிறுத்தோம். பொரித்தபின் மீண்டும் நிறுத்துப் பணியார எண்ணிக்கையால் வகுத்தோம். ஒன்றுக்கு அரிசியும் உளுந்தும் 20 கிராம், குடித்த எண்ணெய் 5 கிராம். முன்னதற்கு 70, பின்னதற்கு 45, ஆக 115, இரண்டிற்கு 230. காப்பியிற் பாலுக்கு 65, இரண்டு கரண்டிச் சர்க்கரைக்கு 40. மொத்தம் 335.

ஆகவே அவர் ஏட்டில் அக்காலை: செலவு 410, வரவு 100, இருப்பிற் குறைந்தது 310. உண்மையில்: செலவு 200, வரவு 335, இருப்பிற் கூடியது 135. நடவாமலும் உண்ணாமலும் வீட்டிலிருந்தால் நேர்ந்திராத கூடுதல் அது. 300 கலோரி குறைக்கும் திட்டத்தை இதுவே நாள்தோறும் விழுங்கிவந்தது. உடம்பு பொய் சொல்லவில்லை.

இப்பிழை கணக்கறியாதாரிடத்து மட்டும் நிகழ்வதன்று. எவ்வளவு குறைத்து உண்டும் எடை குறையவில்லை என்று முறையிட்ட சிலரை நியூயார்க்கு மருத்துவர் ஆராய்ந்து 1992இல் எழுதினர். அவர்கள் உண்டதில் நூற்றுக்கு 47 பங்கைக் குறைத்துச் சொன்னார்கள். உழைத்ததை 51 பங்கு கூட்டிச் சொன்னார்கள். வேண்டுமென்று பொய் கூறியவர் அல்லர். தம் உழைப்பு பெரிதாகவும் தம் ஊண் சிறிதாகவும் தோன்றுவது மனித இயல்பு போலும்.

அன்றியும் உடல் தானே ஒரு சிக்கனக்காரன். நன்கு நடந்த நாளில், நாமறியாமலே பிற்பகலில் அதிகம் அமர்கிறோம். உடலும் உள்வேலைகள் சிலவற்றைச் சுருக்கிக்கொள்கிறது. பெருந்தொகையினரின் அளவுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஆராய்ச்சியில், உழைப்பால் மிகுந்த செலவில் சராசரி நூற்றுக்கு 28 பங்கை உடல் இவ்வாறு மீட்டுக்கொள்வதாகக் கண்டனர். ஆப்பிரிக்காவில் வேட்டையாடி வாழும் ஹாட்சா மக்கள் நாள்முழுதும் நடப்பவர்; உடலளவைக் கருதி ஒப்பிட்டால் அவர்தம் நாட்செலவு மேலைநாட்டு நகரத்தாரினும் மிகுதியன்று என்று 2012இல் அளந்து கண்டவர் பான்ட்சர் என்பார். பெரியப்பாவின் 200இல் 144தான் நிகரம் என்று கொண்டாலும் தவறாகாது.

இவ்வளவு கூறியும் அவர் நம்பவில்லை. "அப்படியானால் பழனிக்கு நடப்பவர்களுக்கு?" என்றார். நல்ல வினா. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியெடுத்து நகரத்தார் பழனிக்கு நடந்து செல்வது தொன்றுதொட்டு வரும் வழக்கு. தொலைவு 150 கிலோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். 160 என்றே வைத்து, 70 கிலோ எடையுள்ளவருக்கு மேற்கூறிய வாய்பாட்டை இட்டுப் பார்த்தோம்: 5600 கலோரி. உடற்கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறக்குறைய 7700 கலோரி குறைவு வேண்டும். பழனி வரை நடந்தாலும், வழியில் மிகுதியாய் ஒன்றும் உண்ணாதிருந்தாலும், முக்காற்கிலோ கரைவதே அரிது! வழியெங்கும் அன்னதானம் நடப்பதையும் நினைக்க. அவர்கள் நடப்பது எடைக்காக அன்று என்பது வேறு. வேளாங்கண்ணிக்கு நடக்கும் எம் உறவினர்க்கும் கணக்கு இதுவே. பெரியப்பா நெடுநேரம் பேசாமலிருந்தார்.

"பின் எதற்கு நடப்பது?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. நடப்பதால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன; இருதயம் உரம்பெறுகிறது; குறைந்த எடை மீண்டும் ஏறாமற் காக்கவும் நடை துணை நிற்கிறது. இவையெல்லாம் எடை குறையாத நாளிலும் கிடைக்கும் ஊதியம். உண்பதற்கு உரிமைச் சீட்டாக மட்டும் நடையைக் கொள்ளலாகாது. நீரிழிவுக்கு ஊசியோ சிலவகை மாத்திரைகளோ கொள்பவர், உணவைக் குறைக்கும்போதும் நடையைக் கூட்டும்போதும் சர்க்கரை அளவுமீறித் தாழக்கூடுமாதலால், மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். விடுதி நண்பர் ஒருவர் எதிர்வழியிற் பிழைத்ததும் நினைவுக்கு வருகிறது. கருவி காட்டிய எண்ணை எட்டும்வரை இரவில் ஓடி, எட்டாத நாளில் உணவையே மறுத்து, தேர்வு நாளில் மயங்கி வீழ்ந்தார். பிசகுடைய ஓர் எண்ணுக்காக ஒருவர் பட்டினி கிடப்பது எமக்கு மிகவும் வருத்தமாயிருந்தது.

அங்ஙனமாயின் துல்லியமாகக் கணக்கிடுவதுதான் எவ்வாறு? ஒரு நாட்செலவை வீட்டிலிருந்தபடி துல்லியமாக அறிய இயலாது என்பதே யாம் கண்டது. ஆயினும் கடைக்காரர்க்குத் தெரிந்த வழியொன்று உண்டு. ஏடு என்ன சொன்னாலும், பெட்டியிலுள்ள காசை எண்ணி ஏட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். இங்கே பெட்டி, தராசு. நாள்தோறும் காலையில் எழுந்து, மலசலம் கழித்து, ஒன்றும் உண்ணாமுன் நிறுக்க வேண்டும். ஒருநாள் எடையை நம்பலாகாது. முதல்நாள் ஊறுகாயும் அப்பளமும் மிகுந்தால் உப்பு நீரைப் பிடித்துவைத்து ஒரு கிலோ வரை கூடக் காட்டும். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்த சராசரியை வாரந்தோறும் குறிக்க வேண்டும். நான்கு வாரம் கழித்து, ஏட்டின்படி குறைய வேண்டியதையும் தராசின்படி குறைந்ததையும் ஒப்பிடுக. நாளுக்கு 300 குறைவு என்று ஏடு சொன்னால் நான்கு வாரத்தில் 8400 ஆகி, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் குறைந்திருக்க வேண்டும். அரைக்கிலோதான் குறைந்ததென்றால், நாளொன்றுக்கு 160 கலோரி எங்கோ பிசகுகிறது. அது நடையிலா, எண்ணெயிலா, காப்பியிலா என்று தேடிக் களைக்க வேண்டுவதில்லை. அடுத்த மாதத்து ஏட்டில் அந்த 160ஐக் கழித்து எழுதினாற் போதும். எடை குறையக் குறைய நாட்செலவும் குறையுமாதலால், இவ்வொத்துப் பார்த்தலை மாதந்தோறும் செய்ய வேண்டும்.

பெரியப்பா புதிய நோட்டுக்குக் கோடு கிழித்தார். நடைக்குத் தனிப் பத்தி வைக்கவில்லை. நடக்கிறார், எழுதுவதில்லை. கடிகாரத்தைத் தொலைவு பார்க்க மட்டும் வைத்துக்கொண்டார். பணியாரம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சென்றது. நான்கு மாதத்தில் வாரச் சராசரி 80இலிருந்து 77க்கு இறங்கியிருப்பதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் அறிவித்தார். சர்க்கரையும் தணிந்திருக்கிறதாம். எண்ணெய்ச் சட்டியை நிறுக்கத்தான் இப்போது வழியில்லை. 'பலகாரத்துக்குப் பற்றெழுதுகிற வீட்டுக்கு எந்த விருந்தாளி வருவான்' என்று சொல்லிப் பெரியம்மா தராசை எடுத்து உள்ளே வைத்துவிட்டாராம்.